அக்கரையில் நடந்த சண்டை

பஸ் திரும்ப எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் சண்டை நடந்தது என்பது அந்த வட்டாரத்து வழிகாட்டிகள் அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட சரித்திரம். யாரும் எழுதி வைத்ததில்லை. தொழிலுக்கு வந்த புதிதிலேயே டிரைவர்மார்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மலைமேல் இருக்கிற கோட்டையை நகர்த்த முடியாது. வெடிமருந்துக் கிடங்குக்கும் நாலு சுவர் இருக்கிறது, அதையும் ஒன்றும் செய்ய முடியாது. போர்க்களத்துக்கு என்ன இருக்கிறது? புல்லும் கல்லும். அது எல்லா இடத்திலும்தான் கிடக்கிறது.

இந்த வித்தையில் கைதேர்ந்தவன் பீரங்கி. அது அவன் பேர் இல்லை, அவன் தொண்டைக்கு டிரைவர்கள் வைத்த பேர். அவன் வீட்டுக்குள் உட்கார்ந்து உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள். சட்டைப் பையில் அரசாங்கத்து பேட்ஜ், கையில் ஒரு பழைய குடை, மழைக்கு இல்லை, சுட்டிக்காட்ட. காலையில் கோட்டை, அப்புறம் கிடங்கு, வெயில் உச்சிக்கு ஏறும்போது போர்க்களம். இதுதான் அவன் சுற்று. வந்தவர்கள் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக அவன் பின்னால் மூச்சிரைக்க ஏறி இறங்குவார்கள்.

உண்மையான சண்டை நடந்தது ஆற்றுக்கு அக்கரையில். படித்தவர்கள் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஆற்றுப் பாலம் மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலம். பஸ் ஏறினால் பாலமும் சரித்திரமாகிவிடும். அதனால் பீரங்கி தொழிலுக்கு வந்த புதிதில், கொஞ்சமும் யோசிக்காமல், சண்டையை இக்கரைக்குக் கொண்டுவந்து தன் அண்ணன் நிலத்தில் இறக்கிவிட்டான். அங்கே ஒரு பெரிய மரம் இருந்தது, நிழல் இருந்தது, பஸ் திரும்பத் தரிசு இருந்தது.

"பஸ்தானே, திரும்பிட்டுப் போகட்டும். வெங்காயத்து மேல ஏத்தாம இருந்தா சரி" என்றார் அண்ணன்.

"சண்டை இங்கேதான் நடந்துச்சுண்ணே" என்று சொல்லி வைத்தான் தம்பி, அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டுமே என்று.

"அப்படியா?" என்று மண்ணைக் குனிந்து பார்த்தார் அவர். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது. அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு ஏரைப் பிடித்து, தம்பியைப் படிக்க வைத்த மனுஷர். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு.

அண்ணி மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டாள். டீ, வேகவைத்த சோளம், அவித்த முட்டை. பஸ் வருகிற புழுதி தெரிந்ததும் அடுப்பை ஊதுவாள். போர்க்களத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களுக்கு எப்படியும் பசிக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. வருஷக்கணக்காக இது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மழைநாளில்தான் அந்தக் கதைக்குள் ஒரு பையன் வந்து சேர்ந்தான்.

கோட்டைப் பாதையில் பஸ் சேற்றில் புதைந்து, எல்லோரும் இறங்கித் தள்ளி, நனைந்து, பசியோடு போர்க்களத்துக்கு வந்து நின்ற கூட்டம் அது. "இவ்வளவுதானா? வெறும் காடாட்டம் இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று ஒரு அம்மா முகத்தைச் சுளித்தாள். இன்னும் ரெண்டு பேர் முனகினார்கள். பீரங்கிக்கு சுருக்கென்றது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"காடுதாம்மா. ஆனா இந்தக் காட்டுல ஒரு பையன் கிடக்கிறான். மீசை கூட முளைக்காத பையன். சண்டை நடுவுல ஆத்துக்கு ஓடி ஓடித் தண்ணி கொண்டாந்தான். நம்ம ஆளு, எதிரி ஆளுன்னு பாக்கல. தண்ணின்னு யார் முனகினாலும் ஊத்தினான். கடைசியில குண்டு பட்டு விழும்போது கூட பானையைக் கவுத்தல. எதிரிக்காரன்தான் அழுதுகிட்டே குழி வெட்டினான்."

முகத்தைச் சுளித்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதே ஆளிடம் ஆயிரம் கதை கேட்டு ஊறிப்போன டிரைவரே மூக்கைச் சிந்தினான். "எங்கே புதைச்சாங்க?" என்று யாரோ கேட்டார்கள். பீரங்கி குடையை நீட்டினான். மரத்து வேர் ஓடியதால் ஏர் போகாத ஒரு மூலை அங்கே இருந்தது.

அடுத்த உழவில் அண்ணன் அந்த மூலையைச் சுற்றி இன்னும் அகலமாக இடம் விட்டு உழுதார். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். பீரங்கி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அன்றைக்குச் சிரித்ததை நினைத்துப் பின்னால் அவன் வெட்கப்படாத நாளில்லை.

ஏனென்றால் அதற்கப்புறம் அண்ணன் மகன் பட்டாளத்தில் சேர்ந்தான். ஒரே பிள்ளை. சித்தப்பாவோடு சின்ன வயசிலிருந்து கோட்டை கோட்டையாக ஏறினவன், "நான் நிஜச் சண்டை பாக்கப் போறேன் சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டே போனான். எங்கேயோ பனி மலையில் எல்லைக் காவலில் இருந்தபோது மலை சரிந்து பள்ளத்தாக்கையே மூடிவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை. இரும்புப் பெட்டி ஒன்று வந்தது, உள்ளே மடித்த சட்டைகளும் ஷேவிங் பிரஷ்ஷும். அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அண்ணன் எழுந்து வயலுக்குப் போனார். போய் அந்த மூலையில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து பொழுது சாயும்போது கையைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒருநாள் பீரங்கி பின்னால் போய் நின்றபோது அவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். வெங்காயத்துக்கு நோய் விழுந்ததையும் அண்ணிக்கு முழங்கால் வலி வந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கூச்சப்பட்டுத் துண்டை உதறினார்.

"நம்மவனுக்குத்தான் ஒரு இடம் இல்லாம போச்சு. இவனும் யாரோ பெத்தவன்தானே. இவன் கிட்ட சொன்னா அவனுக்குப் போய்ச் சேராதா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கு வேண்டாம், துக்கம் ஆறட்டும் என்று விட்டான். துக்கம் எங்கே ஆறியது? பஸ் வந்தால் அந்த மூலைக்குப் பக்கத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அதனாலேயே கதை இன்னும் நன்றாக இருக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள்.

அப்புறம் மழை பொய்த்தது. கிணற்றில் சேறுதான் மிச்சம். மோட்டார் போட்டால் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தும். வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தது. அண்ணனும் அண்ணியும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தார்கள், ஒரு பாத்தி நனைவதற்குள் முதுகு விட்டுப்போகும். கடைசியில் போர்வெல் போட முடிவு பண்ணி, லாரி வந்து நின்றது. குழாயை இறக்குகிற நேரத்தில் ஜீப் ஒன்றும் வந்து நின்றது.

தொல்பொருள் துறை ஜீப். பீரங்கி சொன்ன கதையைக் கேட்டுப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையில் எழுதினார்கள், படம் போட்டார்கள், இப்படி ஒரு புனிதமான இடம் கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று மேலிடத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். மேலிடம் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமலேயே விழித்துக்கொண்டது. நீலப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். பாதுகாக்கப்பட்ட போர்க்களம். தோண்டக் கூடாது, கட்டக் கூடாது, ஆழ உழக் கூடாது. போர்வெல் லாரி வந்த வழியே திரும்பிப் போனது.

அண்ணி வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு தம்பி, ரொம்ப நல்லா இருக்கு! உங்க வாய் வயல் வரைக்கும் வந்து வேலி போட்டுடுச்சு. இனி நாங்க என்ன, சண்டையை விதைச்சு சண்டையை அறுக்கணுமா?"

"அண்ணி, நான் பேசிப் பாக்கறேன்."

"பேசினதெல்லாம் போதும்யா!"

அண்ணன் திட்டவில்லை. அதுதான் பீரங்கிக்குத் தாங்கவில்லை. அவர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கவர்மெண்டே ஒத்துக்கிச்சு பாத்தியா, சண்டை நம்ம நிலத்துலதான்னு" என்றார், அதில் ஒரு பெருமை கூட இருந்தது. "அந்தப் பையன் மூலையை அவங்களே வெச்சுக்கட்டும்டா. வேலி போட்டு, ஒரு கல்லு நட்டா எனக்கு சந்தோஷம்தான். மீதி இடத்துல மட்டும் போர்வெல் போட விடச் சொல்லு. நீ படிச்சவன், உன் பேச்சைக் கேப்பாங்க."

பீரங்கி வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"போய் உள்ளதைச் சொல்லிடுங்க. சண்டை அக்கரையிலன்னு."

"பேட்ஜைப் புடுங்கிடுவாங்கடி."

"பேட்ஜைக் கழுவியா குடிக்கப் போறோம்? உங்க அண்ணன் பயிர் கருகுது."

"பயிர் மட்டும்னா நேத்தே சொல்லியிருப்பேன்."

அந்த மூலையில் அண்ணன் போய் உட்காருவது அவளுக்கும் தெரியும். "அதுக்காக ஒரு மனுஷனைக் காலமெல்லாம் ஏமாத்திட்டே இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். அவன் சோறு காய்ந்துபோனது.

தொல்பொருள் துறை அதிகாரியம்மா அடுத்த வாரம் அளக்க வந்தாள். சின்ன வயசு, பெரிய தொப்பி, காலில் பூட்ஸ். ஆட்கள் ரெண்டு பேர் டேப்பை இழுத்துப் பிடிக்க, அண்ணன் மண்வெட்டியோடு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பீரங்கி போய் அவள் முன்னால் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்டது.

"அம்மா, சண்டை இங்கே நடக்கலைங்க. அக்கரையில."

அவள் சிரித்தாள். "நிலம் போகுதுன்னா எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்வாங்க. உங்க பேச்சைக் கேட்டு ஜனங்க எழுதினதாலதான் நாங்களே வந்திருக்கோம். இவர் உங்க அண்ணன்தானே?"

"ஆமாங்க. அதனாலதான் சொல்றேன்."

"அதனாலதான் நம்ப முடியல."

பீரங்கிக்கு ஆத்திரமே வந்துவிட்டது. எத்தனை பொய்யை மூச்சு விடாமல் நம்பியிருக்கிறது இந்த உலகம், ஒரு உண்மைக்கு என்ன கிராக்கி!

"அம்மா, காலையில கோட்டைமேல நின்னு நான் என்ன சொல்றேன் தெரியுமா? வந்த படையை ஆத்தைத் தாண்டவே விடாம அடிச்சுத் துரத்தினாங்கன்னு சொல்றேன். தாண்டவே இல்லைன்னா இந்தக் கரைக்கு எப்படிங்க வந்து சண்டை போட்டாங்க? காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இத்தனை வருஷத்துல ஒருத்தர் கேக்கலை. நடந்த களைப்புல யாருக்கும் தோணலை."

அதிகாரியம்மா ஆற்றைப் பார்த்தாள், கோட்டையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். டேப் பிடித்தவர்களும் சிரித்தார்கள்.

"அப்ப ஏன் இங்கே சொன்னீங்க?"

"பஸ் திரும்ப இடம் இருந்துச்சுங்க."

அவள் சிரிப்பு நின்றது. "உங்க பேட்ஜுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. பொய் சொல்லி அரசாங்கத்தை அலைக்கழிச்சிருக்கீங்க" என்றாள். அவன் பேட்ஜைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தான். அவள் கொஞ்சம் சங்கடப்பட்டு, டேப்பைச் சுருட்டச் சொன்னாள். பிறகு போகிற போக்கில் கேட்டாள். "அப்ப அந்தத் தண்ணி கொடுத்த பையன்? அவனைப் புதைச்ச இடம் இந்த மூலைன்னு போட்டிருக்கே?"

பீரங்கி நிமிர்ந்தான். வரப்பில் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. தப்பு செய்த சின்னப் பிள்ளை அடுத்து என்ன சொல்லப் போகிறது என்று காத்திருக்கிற முகம்.

"அதுவும்... அதுவும் அக்கரைதாங்க" என்றான்.

இத்தனை உண்மையைச் சொன்னவன் அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டான். நிலம் அண்ணனுக்குக் கிடைக்கட்டும், பையனும் எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. அதை இரக்கம் என்றே அவன் நினைத்தான்.

"அக்கரையா?" என்றார் அண்ணன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே நடந்து போய்விட்டார்.

பலகையைப் பிடுங்க அவர்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் பாதி வெங்காயம் போய்விட்டது. லாரி மறுபடி வந்தது. ராத்திரி பகலாகக் குடைந்து, பாறையைத் தாண்டியதும் சேறும் தண்ணீரும் மரத்து உயரத்துக்குப் பீச்சியடித்தது. அண்ணி நனைந்துகொண்டே நின்றாள். மிச்சப் பயிர் பிழைத்தது. பஸ்கள் வேறு வழிகாட்டியோடு வேறு பக்கம் போயின, கிழக்கே ஒரு சோடாக் கடை பக்கத்தில் நல்ல அகலமான இடம் இருக்கிறதாம், சண்டை இப்போது அங்கே நடக்கிறது. பீரங்கி மர டிப்போவில் லோடு எண்ணுகிற வேலைக்குப் போனான். அங்கே யாரும் அவனைக் கதை சொல்லக் கேட்கவில்லை.

அண்ணன் பேசாமல் இருக்கவில்லை, வழியில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்பார். அண்ணிதான் ஒருநாள் டிப்போ வாசலில் நின்று சொன்னாள்.

"அந்த மூலையையும் சேர்த்து உழுதுட்டாரு தம்பி. ஆனா சாயங்காலம் ஆனா எங்கே போறதுன்னு தெரியாம வயலைச் சுத்திச் சுத்தி வர்றாரு. வெறும் மண்ணு கிட்டப் பேசிட்டிருந்தேன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்பை என்னால பாக்க முடியல. சோறு இறங்க மாட்டேங்குது."

அவள் கோபத்தோடு வந்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது பீரங்கிக்கு.

அதற்கு அடுத்த லீவு நாள் காலையில் அண்ணன் அவன் வீட்டு வாசலில் நின்றார். துவைத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"என்னண்ணே, எங்கே கிளம்பிட்டீங்க?"

"அக்கரைக்குத்தான். கூட்டிட்டுப் போ."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஊர்ல எவன் எவனோ வந்து பாத்துட்டுப் போனான். கூடப் பொறந்தவன் நான் ஒருநாளும் பாத்ததில்ல." பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "புதுக் கிணத்துத் தண்ணி. ஊருக்கெல்லாம் தண்ணி கொடுத்துச் செத்த புள்ள. இவ்வளவு நாளா இடம் தெரியாம வேற மண்ணுல உக்காந்திருந்தேன். இந்தத் தண்ணியை அவனுக்குக் கொஞ்சம் ஊத்திட்டு வந்துடலாம்."

பீரங்கியின் மனைவி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல் அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

மொபெட்டில் போனார்கள். அண்ணன் பின்னால் உட்கார்ந்து பாட்டிலை நெஞ்சோடு அணைத்திருந்தார். பாலத்துப் பலகைகள் கடகடவென்று ஆடின. "இந்தப் பாலத்துல பஸ் எங்கே வரும், நீ செஞ்சது சரிதான்" என்றார். அவர் குரலில் பழைய வாஞ்சை இருந்தது. வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எந்தப் பக்கம் இருந்து படை வந்தது, குதிரை எத்தனை, பானை மண்பானையா பித்தளையா என்று. பீரங்கி காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினான். இப்போதாவது சொல்லிவிடலாம், வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான்.

பாதை முடிகிற இடத்தில் இறங்கி நடந்தார்கள். ஒரு சரிவு. முள்ளும் கரடும். ஒரு செல்போன் கோபுரம். ரெண்டு மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, மேய்க்கிறவரைக் காணோம். புத்தகத்தில் போட்டிருந்த போர்க்களம் இதுதான். பார்க்க ஒன்றுமே இல்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். முள் என்று சொல்லியும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் மெல்ல நடந்து, நின்று, திரும்பினார்.

"எந்த இடம்டா?"

பீரங்கி மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்த இடம்னு காட்டு. எங்கேடா ஊத்தறது?" பாட்டில் மூடியைத் திறந்துகொண்டே கேட்டார். மறுபடி நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்க்கிற முகம் அது. வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் பையனும் இல்லையா?"

"இல்லண்ணே" என்றான் பீரங்கி. "மழையில நனைஞ்சுட்டு ஜனங்க முனகினாங்க. வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன். அப்படி ஒரு பையனே இல்லண்ணே. என்னை நாலு அறை அறைஞ்சுடுங்க."

அண்ணன் அறையவில்லை. திறந்த மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே சரிவைச் சுற்றிலும் பார்த்தார்.

"நம்மவனுக்கும் இடம் இல்ல. இவனும் இல்லேன்னா நான் எங்கேடா போவேன்?"

"அண்ணே..."

"இல்ல, நீ காட்டு." அவர் குரல் திடீரென்று கெஞ்சியது. வாழ்நாளில் அவர் யாரிடமும் கெஞ்சி அவன் கேட்டதில்லை. "எத்தனை பஸ்ஸுக்குக் காட்டியிருக்கே. முன்னப் பின்னத் தெரியாதவனுக்கெல்லாம் காட்டினே. எனக்கும் சும்மாவாவது ஒரு இடத்தைக் காட்டுடா. நிஜமான்னு கேக்க மாட்டேன். இங்கேதாண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

பீரங்கி வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தான், அதுவும் எழவில்லை. அண்ணன் திறந்த பாட்டிலோடு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.